வீட்டைத் திருத்துமுன் கணக்கை எழுதுவோம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது எம்மவர் பழமொழி. இரண்டிலும் முதலில் மதிப்பிட்ட செலவு ஒன்று, முடிவில் வந்து நிற்கும் செலவு வேறொன்று என்பது அனுபவப்பட்டோர் யாவரும் அறிந்ததே. இந்நாட்டில் எம்மவருள் புது வீடு கட்டுவோர் சிலரே. பிறர் கட்டிய பழைய வீட்டை வாங்கித் திருத்துவோரே பலர். அத்திருத்த வேலைகளுள் இன்று அதிகம் பேசப்படுவது குளிரைத் தடுத்து, காஸ் கட்டணத்தையும் மின்கட்டணத்தையும் குறைக்கும் திருத்தமாகும். "யன்னலை மாற்றினால் பில் பாதியாகும்", "பேர்னஸை மாற்றினால் போட்ட காசு மூன்று வருடத்தில் திரும்பி வரும்" என்றெல்லாம் விற்பனையாளர் சொல்கின்றனர். இவற்றுள் எது உண்மை, எது மிகை என்பதை ஒரு பென்சிலும் கடதாசியும் கொண்டு நாமே அறிந்துகொள்ளலாம். அதற்கான வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடம் விளங்குவதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வெக்ஸ்போர்ட்டில் ஒரு செங்கல் பங்களோ. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் மேலே. கணவனின் தாயார் படி ஏறி இறங்கும் சிரமத்தையும் பொருட்படுத்தாது, "பிள்ளைகள் படிக்கட்டும்" என்று பேஸ்மென்ற் அறையில் படுக்கிறார். மாசி மாதத்தில் அவருக்குக் கால் விறைக்கிறது. குடும்பத்தின் கையில் 20,000 டொலர் சேமிப்பு உண்டு. அதை எதில் போடுவது? இக்கேள்விக்கு விடை தேடுவோம்.

கீழே வரும் விலைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். உங்களுக்குக் கிடைக்கும் விலைகோரலில் உள்ள எண்ணை அந்தந்த இடத்தில் இட்டுப் பார்க்கவும்.

எங்கள் வீடுகள் எப்படிப்பட்டவை?

விக்ரோறியா பார்க், பார்மஸி, வார்டன், பேர்ச்மவுண்ட் வீதிகளுக்கு இடையே, லோறன்ஸ் அவெனியூவின் இரு பக்கங்களிலும் உள்ள வீடுகளுட் பல, இரண்டாம் உலக யுத்தத்தின் பின், 1950களில் எழுந்தவை. அக்காலத்தில் எரிபொருள் மலிவு. ஆகவே சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழும் வெப்பக்காப்பு, அதாவது நாங்கள் "இன்சுலேஷன்" என்று சொல்வது, சொற்பமாகவே வைக்கப்பட்டது. மேற்குக் கனடாவின் இயற்கை எரிவாயுவைக் கொண்டுவரும் நீண்ட குழாய் 1958இல் முடிந்த பின்னர், எண்ணெயிலும் கரியிலும் சூடாக்கிய வீடுகள் படிப்படியாகக் காஸுக்கு மாறின. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறியதும்தான் வெப்பம் எங்கே ஒழுகுகிறது என்று பலரும் பார்க்கத் தொடங்கினர். கனடிய அரசும் 1977இல் வீட்டு வெப்பக்காப்புக்கு உதவிப் பணம் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தது.

எங்கள் ஊர் வீட்டுக்கும் இவ்வீட்டுக்கும் நோக்கமே எதிர்மாறானது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு காற்றை உள்ளே அழைத்து, சூட்டை வெளியே விடக் கட்டப்பட்டது. இங்கோ காற்றை வெளியே நிறுத்தி, சூட்டை உள்ளே பிடித்து வைக்கவேண்டும். ஆனால் ஒரு விடயம் ஒன்றே. ஊரில் வேலி அடைக்குமுன் எத்தனை கிடுகு, எத்தனை கதியால், எத்தனை ஆள் கூலி என்று எண்ணிய பின்னரே ஆளைக் கூப்பிட்டோம். அந்த வழக்கத்தை இங்கும் கைவிடலாகாது.

முதற்படி: பில்லைப் பிரித்து வாசித்தல்

கடந்த 12 மாதக் காஸ் பில்களை எடுங்கள். டொலரைப் பார்க்கவேண்டாம். எத்தனை கன மீற்றர் என்பதை மட்டும் எழுதிக் கூட்டுங்கள். விலை ஏறும், இறங்கும். கன மீற்றரே வீட்டின் உண்மையான நாடித்துடிப்பு.

எமது உதாரண வீட்டில் வருட மொத்தம் 2,600 கன மீற்றர் என்று கொள்வோம். ஆடி, ஆவணி மாதங்களில் பேர்னஸ் ஓடுவதில்லை. அப்போது மாதம் 50 கன மீற்றர் போனால் அது குளிப்புக்கும் சமையலுக்கும் போனது. 12 மாதத்துக்கு 600. எனவே வீட்டைச் சூடாக்க மட்டும் போனது 2,000 கன மீற்றர்.

அடுத்து, பில்லில் இரு வகைப் பணம் உண்டு. ஒன்று, காஸைப் பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மாதாமாதம் கட்டும் நிலையான கட்டணம். மற்றது பாவனைக்கு ஏற்ப மாறும் கட்டணம். எந்தத் திருத்தம் செய்தாலும் முதலாவது குறையாது. மாறும் கட்டணம் எச்.எஸ்.ரி. உட்படக் கன மீற்றருக்கு 40 சதம் என்றும், நிலையான கட்டணம் வருடத்துக்கு 300 டொலர் என்றும் வைத்துக்கொள்வோம்.

பாவனைக் கட்டணம்: 2,600 × 0.40 = 1,040 டொலர்
நிலையான கட்டணம்: 300 டொலர்
வருட மொத்தம்: 1,340 டொலர்
இதில் சூடாக்கும் பங்கு: 2,000 × 0.40 = 800 டொலர்

இப்போது "பில் பாதியாகும்" என்பவரின் சொல்லைச் சோதிப்போம். பாதி என்றால் 670 டொலர். சூடாக்கவே 800 டொலர்தான் போகிறது. ஆக, சூடாக்கும் காஸில் 84 வீதத்தை அவரது யன்னல் மிச்சம் பிடிக்கவேண்டும். இது நடக்கக்கூடிய காரியமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். விற்பனையாளரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: "எத்தனை கன மீற்றர் குறையும் என்று எழுதித் தருவீரா?"

பழைய கணக்குகளையும் அப்படியே நம்பவேண்டாம். காஸ் பில்லில் இருந்த மத்திய அரசின் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது. அதற்கு முந்திய வருடத்தில் அது கன மீற்றருக்கு 15.25 சதம். ஆகவே 2024இல் எழுதிய சேமிப்பு மதிப்பீடு இன்று அவ்வளவு டொலரைத் தராது.

இரண்டாம் படி: வீட்டைச் சோதித்தல்

வைத்தியர் சோதிக்காமல் மருந்து எழுதமாட்டார். வீட்டைச் சோதிப்பவர் பதிவு பெற்ற எரிசக்தி ஆலோசகர். அவர் வெளிக்கதவில் பெரிய மின்விசிறி ஒன்றைப் பொருத்தி, உட்காற்றை வெளியே இழுத்து, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் வீடு எவ்வளவு காற்றை ஒழுகவிடுகிறது என்று அளப்பார். அப்போது மின்செருகிகளின் ஓரம், அற்றிக் மூடி, பேஸ்மென்ற் சுவரின் மேல் விளிம்பு ஆகியவற்றில் கையை வைத்துப் பார்த்தால் குளிர்காற்று ஊதுவது தெரியும். முடிவில் "எனர்கைட்" அறிக்கை தருவார். வீடு வருடத்துக்கு எத்தனை கிகாஜூல் சக்தியைப் பயன்படுத்துகிறது, எப்பகுதியால் எவ்வளவு வெப்பம் போகிறது என்பன அதில் இருக்கும். எமது கணக்கில் இதற்கு 600 டொலர் ஒதுக்குவோம். எதையும் விற்காதவர் ஒருவரிடமிருந்து கிடைக்கும் ஒரே அபிப்பிராயம் இதுவே என்பதால், இதைச் செலவு என்று எண்ணாமல் காப்புறுதி என்று எண்ணலாம்.

மூன்றாம் படி: ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கணக்கு

(அ) அற்றிக். வெப்பம் வெளியேறும் அளவைக் காணும் சூத்திரம் எளிது: பரப்பைப் பாகை-நாளாலும் 24 மணியாலும் பெருக்கி, காப்புத்திறனால் வகுக்கவேண்டும். பாகை-நாள் என்பது வெளி வெப்பநிலை 18 பாகைக்கு எவ்வளவு கீழே, எத்தனை நாள் நின்றது என்பதன் கூட்டுத்தொகை. ரொறன்ரோ பகுதிக்கு ஏறத்தாழ 3,800 என்று கொள்ளலாம். காப்புத்திறனைக் கடைகளில் "ஆர்" என்று குறிப்பர். அதை 5.68ஆல் வகுத்தால் மெற்றிக் அளவு கிடைக்கும்.

1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீற்றர் அற்றிக்கில் இப்போது ஆர்-10 அளவு பழைய காப்பு உண்டென்று கொள்வோம். வருடத்தில் ஒழுகும் வெப்பம் 4,819 கிலோவாற் மணி. ஆர்-30 ஆக்கினால் 1,606. ஆர்-60 ஆக்கினால் 803. முதல் 20 ஆர் 3,213ஐ மிச்சம் பிடிக்கிறது. அடுத்த 30 ஆர் 803ஐ மட்டுமே பிடிக்கிறது. தாகத்தில் குடிக்கும் முதற் குவளைத் தண்ணீருக்கும் மூன்றாம் குவளைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். உங்கள் அற்றிக்கில் ஏற்கெனவே ஆர்-30 இருந்தால் அவசரப்படத் தேவையில்லை. ஒன்றுமே இல்லாத நிலையில், ஆளும் யந்திரமும் வந்து நிற்கும்போது ஒரேயடியாக ஆர்-60 ஆக்குவதே புத்தி. கூலியை இரு தடவை கொடுக்கவேண்டியதில்லை.

ஆர்-10இலிருந்து ஆர்-60க்கு மிச்சம் 4,016 கிலோவாற் மணி. எமது பேர்னஸ் 80 வீதத் திறன் உடையது. ஒரு கன மீற்றர் காஸில் ஏறத்தாழ 10.5 கிலோவாற் மணி உண்டு. ஆகவே மிச்சம் 478 கன மீற்றர், 191 டொலர். விலைகோரல் 2,400. எச்.எஸ்.ரி. 13 வீதம் 312. மொத்தம் 2,712. இதை 191ஆல் வகுத்தால் 14 வருடம்.

(ஆ) காற்றுக் கசிவை அடைத்தல். அற்றிக்கில் காப்பு இடுமுன் இது முடியவேண்டும். பின்னர் ஓட்டைகள் பஞ்சின் கீழ் மறைந்துவிடும். செலவு வரியுடன் 904, மிச்சம் 200 கன மீற்றர், 80 டொலர் என்று கொண்டால் 11 வருடம். கதவு விளிம்புக்கு ஒட்டும் நாடாவையும், யன்னல் ஓரத்துக்குக் கோக்கிங்கையும் நாமே செய்தால் செலவு இன்னும் குறையும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டை இறுக்கிய பின் காற்றோட்டத்துக்கு வழி வேண்டும். எமது சமையலில் பொரியலும் தாளிதமும் மிகுதி. சுவாமி அறையில் விளக்கும் கற்பூரமும் எரியும். அடுப்பின் மேலுள்ள விசிறி வீட்டுக்கு வெளியே ஊதவேண்டும். இல்லையேல் ஈரம் சுவரில் பூஞ்சணமாகும். பழைய வகைத் தண்ணீர் சூடாக்கியின் புகை உள்ளே திரும்பவும் கூடும். கார்பன் மொனொக்சைட் அபாய மணி ஒன்ராறியோ வீடுகளில் 2014 முதல் சட்டப்படி கட்டாயம். மணிக்கும் விசிறிக்கும் ஆகும் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்க.

(இ) யன்னல். பத்து யன்னல், 14 சதுர மீற்றர் கண்ணாடி. பழைய இரட்டைக் கண்ணாடியிலிருந்து நல்ல புதுக் கண்ணாடிக்கு மாறினால் வெப்ப ஒழுக்கு பாதியாகும் என்றே வைப்போம். மிச்சம் ஏறத்தாழ 213 கன மீற்றர், 85 டொலர். விலை வரியுடன் 13,560. வகுத்தால் 159 வருடம்! யன்னல் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. சட்டம் உக்கி, தண்ணீர் உள்ளே வந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்போது முழு விலையையும் எரிசக்திக் கணக்கில் எழுதலாகாது. சாதாரண யன்னல் 11,000, சிறந்தது 12,000 என்றால் அந்த 1,000 டொலர் வித்தியாசமே எரிசக்திச் செலவு. மிகுதி வீட்டுப் பராமரிப்பு. கணக்காளர் இதை "மேலதிகச் செலவு" என்பர். இப்பாடத்தின் முதுகெலும்பு இதுவே. எப்படியும் செய்யவேண்டிய செலவை ஒரு பக்கத்திலும், சேமிப்புக்காக மட்டும் கூடுதலாகக் கொடுப்பதை மறு பக்கத்திலும் எழுதவேண்டும்.

(ஈ) பேஸ்மென்ற். மண்ணுக்கு மேலே நிற்கும் இரண்டடிச் சுவரே மிகவும் குளிரும் பகுதி. வெறும் சீமெந்துக் கல்லுக்குக் காப்புத்திறன் சொற்பம். சட்டம் அடித்து, காப்பு இட்டு, பலகை பூட்டி, நிறம் பூசி அறையாக்க வரியுடன் 15,820 என்றும், அதில் காப்பு வேலைக்கு மட்டும் 4,520 என்றும் வைப்போம். ஆலோசகரின் மதிப்பீட்டில் மிச்சம் 400 கன மீற்றர், 160 டொலர் எனில் காப்பின் பங்குக்கு 28 வருடம். ஆனால் சுவரில் தண்ணீர் கசிந்தால் முதலில் அதை நிறுத்தவேண்டும். ஈரச் சுவரை மூடுவது நோயை மூடிக் கட்டுவதற்குச் சமம்.

(உ) பேர்னஸ். 80 வீதத் திறனிலிருந்து 96 வீதத்துக்குப் போனால் சூடாக்கும் காஸில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். 2,000இல் 333 கன மீற்றர், 133 டொலர். ஆனால் அற்றிக்கையும் கசிவையும் முதலே சரிசெய்துவிட்டால் சூடாக்கத் தேவை 1,322 ஆகும். அதில் ஆறில் ஒரு பங்கு 220. மிச்சம் 88 டொலர் மட்டுமே. இதனால் ஒவ்வொரு வேலையின் சேமிப்பையும் தனித்தனியே எழுதிக் கடைசியில் கூட்டக்கூடாது. ஒன்று மற்றொன்றின் பங்கைக் குறைக்கும். விற்பனைத் துண்டுப்பிரசுரங்கள் கூட்டித்தான் காட்டும்.

ஓடுகின்ற பேர்னஸைச் சேமிப்புக்காகக் கழற்றுவது பெரும்பாலும் நட்டம். அது பழுதாகும் நாளுக்காகப் பணத்தை ஒதுக்கி வைப்பதே நன்று. புதியது வாங்கும்போது, "வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு அளவைச் சொல்லும்" என்று கேட்கவேண்டும். அதற்கு சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற கனடிய நியமம் உண்டு. பழையதின் அளவையே பார்த்துப் புதியதை வைப்பவர் பெரிய யந்திரத்தையே விற்பார்.

(ஊ) ஹீற் பம்ப். இது குளிர்காலத்தில் வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே கொணரும். கோடையில் எயர் கண்டிஷனராக வேலை செய்யும். ஆகவே எயர் கண்டிஷனரை மாற்றவேண்டிய வருடமே இதைப் பற்றி யோசிக்கத் தக்க வருடம். மேலதிகச் செலவு அப்போது மிகவும் குறையும். ஓட்டச் செலவை ஒப்பிட ஒரு சிறு வாய்பாடு: நல்ல பேர்னஸில் ஒரு கன மீற்றர் காஸ் சுமார் 10 கிலோவாற் மணி வெப்பம் தரும். எனவே காஸ் விலையைப் பத்தால் வகுக்க. 40 சதம் எனில் 4 சதம். ஹீற் பம்ப் ஓர் அலகு மின்சாரத்துக்குச் சராசரி இரண்டரை அலகு வெப்பம் தந்தால் மின் விலையை 2.5ஆல் வகுக்க. 12 சதம் எனில் 4.8 சதம். இவ்விலைகளில் காஸ் சற்று மலிவு. 2023 முதல் ஒன்ராறியோவில் இருக்கும் நள்ளிரவு மலிவுக் கட்டண முறையில் இரவு நேரத்து மின் விலை மிகக் குறைவு. அந்நேரத்தில் மின்சாரம் வெல்லும். உங்கள் பில் இரண்டையும் வைத்து நீங்களே வகுத்துப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்

1970களின் இறுதியில் சில வீடுகளின் சுவருக்குள் யூரியா ஃபோமல்டிஹைட் நுரை ஊற்றப்பட்டது. 1980 டிசம்பரில் கனடா அதைத் தடைசெய்தது. அற்றிக்கில் மினுங்கும் சாம்பல், பொன்னிறக் கூழாங்கல் போன்ற வேர்மிகுலைற் இருந்தால் அதில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருக்கக் கூடும். அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து லிபி சுரங்கத்திலிருந்து 1990 வரை வந்த சரக்கில் இக்கலப்பு இருந்தது. அதைக் கிளறாது, தொடாது, முதலில் பரிசோதிக்கவேண்டும். அகற்றும் செலவு காப்பிடும் செலவை விஞ்சிவிடலாம்.

மின் பலகை 60 அம்பியராக இருந்தால் ஹீற் பம்புக்கு முன் அதை மாற்றவேண்டி வரலாம். மின் வேலை செய்பவருக்கு ஒன்ராறியோ மின் பாதுகாப்பு அதிகாரசபையின் ஒப்பந்தகாரர் அனுமதி வேண்டும். காஸ் வேலையை ரி.எஸ்.எஸ்.ஏ. சான்று பெற்றவரே தொடலாம். "எங்கட ஆள், காசாகத் தந்தால் வரியில்லை" என்பவரிடம் 13 வீதம் இலாபம் போலத் தோன்றும். ஆனால் பற்றுச்சீட்டு இல்லை, உத்தரவாதம் இல்லை, உதவிப் பணமும் இல்லை. வீடு எரிந்தால் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதற் கடதாசியும் இராது.

இவை யாவற்றுக்கும் மேலாக, பழைய வீட்டுக்கு 15 வீதத்தை "எதிர்பாராச் செலவு" என்று ஒதுக்கவேண்டும். சுவரைத் திறந்த பின்தான் உள்ளிருப்பது தெரியும்.

உதவிப் பணம், கடன், வரி

உதவித் திட்டங்கள் வரும், போகும். 2021இல் தொடங்கிய மத்திய அரசின் பசுமை வீட்டு மானியம் 5,000 டொலர் வரை கொடுத்தது. 2024இல் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. 40,000 டொலர் வரையான வட்டியில்லாக் கடனும் 2025 ஒக்ரோபரில் மூடப்பட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் புதிய வீட்டுத் திருத்தச் சேமிப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. காப்பு, யன்னல், கதவு, ஹீற் பம்ப் முதலியவற்றின் செலவில் 30 வீதம் வரை திருப்பிக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. வேலையைத் தொடங்குமுன் அதன் நிபந்தனைகளை வாசிப்பது அவசியம். நான் எப்போதும் சொல்வது: உதவிப் பணம் இல்லாமலே கணக்கை முதலில் எழுதுங்கள். அப்படியும் தாங்கக்கூடிய வேலையையே தொடங்குங்கள். காசோலை வந்தால் அது பிரசாதம்.

ரொறன்ரோ மாநகரம் 2014 முதல் வீட்டு எரிசக்திக் கடன் கொடுக்கிறது. அது வீட்டின் சொத்துவரியோடு சேர்த்து அறவிடப்படும். எந்தக் கடனானாலும் தவணையை எழுதிப் பாருங்கள். 10,000 டொலரை 5 வீத வட்டியில் 10 வருடத்துக்கு எடுத்தால் மாதம் 106 டொலர், வருடம் 1,273. சேமிப்பு 400 டொலர் என்றால் மிகுதி 873 சம்பளத்திலிருந்து போகவேண்டும். "சேமிப்பே கடனைக் கட்டும்" என்ற பேச்சை இக்கணக்கோடு ஒப்பிடுக.

வயதான பெற்றோருக்காகச் சமையலறை, குளியலறை, தனி வாசலுடன் புதிய பகுதி அமைப்போர், 2023இல் வந்த பல்தலைமுறை வீட்டுத் திருத்த வரிச்சலுகையை மறக்கலாகாது. 50,000 டொலர் வரையான தகுதியுள்ள செலவுக்கு, தொடங்கிய வருடத்தில் 15 வீதமாக, உச்சம் 7,500 டொலர் கிடைத்தது. நகரசபை அனுமதியும் பற்றுச்சீட்டும் இருக்கவேண்டும். வெறும் அறைக்கு இது பொருந்தாது. பேஸ்மென்றை வாடகைக்கு விட்டவர்கள் பழுதுபார்த்த செலவை அவ்வருட வாடகையிலிருந்து கழிக்கலாம். புதிதாக இட்ட காப்போ யன்னலோ மூலதனச் செலவாகும். அதற்குத் தேய்மானம் கோருமுன் ஒரு கணக்காளரைக் கேளுங்கள். கோரினால், வீட்டை விற்கும்போது குடியிருக்கும் வீட்டுக்குரிய வரிவிலக்கின் ஒரு பகுதி போய்விடக் கூடும்.

கதவைத் தட்டுவோர்

எம்மவர் பலர் அதிகம் இழந்தது இவ்விடத்திலேயே. மாதம் 120 டொலர் "வாடகைக்கு" பேர்னஸ் என்று கையொப்பம் வாங்குவர். 120 மாதத்துக்கு 14,400. எச்.எஸ்.ரி. 1,872. மொத்தம் 16,272. அதே பேர்னஸைக் காசு கொடுத்து வாங்கினால் எமது கணக்கில் வரியுடன் 5,650. மாதத் தவணையைப் பார்ப்பவர் ஏமாறுவார். மொத்தத்தைப் பெருக்கிப் பார்ப்பவர் தப்புவார். இத்தகைய ஒப்பந்தங்களை வீட்டின் காணிப் பதிவில் ஏற்றிவிட்டு, வீட்டை விற்கும்போது பெருந்தொகை கேட்ட சம்பவங்கள் ஒன்ராறியோ எங்கும் நடந்தன. அதனால் 2024இல் வந்த வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் பாவனையாளர் பொருட்களுக்கான அப்பதிவுகளைத் தடைசெய்தது.

மேலும் சில உரிமைகளை அறிந்துகொள்வோம். 2018 மார்ச் 1 முதல் பேர்னஸ், எயர் கண்டிஷனர், தண்ணீர் சூடாக்கி முதலியவற்றை நாம் அழைக்காமல் வாசலுக்கு வந்து விற்பது தடை. யன்னல் அப்பட்டியலில் இல்லை. ஆனால் 50 டொலருக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தமும் வீட்டில் வைத்துக் கையொப்பமானால், அதன் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே அதை இரத்துச் செய்யலாம். ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால், நாம் சம்மதிக்காத வரை அதற்கு மேல் 10 வீதத்துக்கு அதிகமாக அறவிட முடியாது. ஒன்ராறியோ கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை நிறுத்திவைக்கவேண்டும். துணை வேலையாட்கள் சம்பளம் கிடைக்கவில்லை என்று வீட்டின் மீது உரிமை கோரும் 60 நாள் கடந்த பின்னரே அதைக் கொடுக்கவேண்டும். "அண்ணை, எங்களுக்குள்ள என்ன சட்டம்" என்று கேட்பவரிடம், "தம்பி, எங்களுக்குள்ள இருக்கிறபடியால்தான் எழுதி வைப்பம்" என்று சொல்லலாம்.

20,000 டொலருக்கு விடை

இப்போது எமது குடும்பத்திடம் திரும்புவோம். விற்பனையாளர் சொன்னபடி யன்னலுக்கு 13,560 கொடுத்தால் மிச்சம் வருடம் 85 டொலர். அம்மாவின் அறை குளிர்ந்தபடியே இருக்கும். மாறாக:

எரிசக்தி ஆலோசகர்: 600
காற்றுக் கசிவு: 904
அற்றிக்: 2,712
பேஸ்மென்ற் சுவர்க் காப்பு: 4,520
கூட்டுத்தொகை: 8,736
எதிர்பாராச் செலவு 15 வீதம்: 1,310
மொத்தம்: 10,046 டொலர்

காப்பு நுரையை மூடாமல் விடுவது தீ விதிக்கு மாறு. ஆகையால் அறையின் சுவரில் குறைந்தபட்சப் பலகையும் இவ்விலைகோரலுக்குள் அடங்கவேண்டும். நிறமும் அலங்காரமும் பின்னர் பார்க்கலாம். பேர்னஸ் பழுதாகும் நாளுக்கு 5,650ஐ வங்கியில் வைத்தாலும் இன்னும் 4,304 டொலர் மிஞ்சும்.

சேமிப்பு எவ்வளவு? மூன்றையும் கூட்டினால் 431. ஒன்று மற்றொன்றைக் குறைப்பதை எண்ணி 400 என்று கொள்வோம். 8,736க்கு 400 என்பது வருடம் 4.6 வீதம். வங்கி வட்டிக்கு வருமான வரி உண்டு, மிச்சம் பிடித்த காஸுக்கு வரி இல்லை. ஆனால் வங்கியில் முதல் திரும்பி வரும். சுவருக்குள் போட்ட முதல் சுவருக்குள்ளேயே இருக்கும். ஆகவே பணத்தை மட்டும் கருதினால் இது பெரிய இலாபமுமன்று, பெரிய நட்டமுமன்று. அதை மறைத்துச் சொல்வது முறையன்று. அந்தத் தராசைச் சாய்ப்பது தாயாரின் அறை. மாசி மாதத்தில் அவர் காலுறை இரண்டு போடாமல் படுக்கலாம் என்றால், அதற்கு விலை எழுதும் பத்தி கணக்குப் புத்தகத்தில் இல்லை. குடும்பம்தான் எழுதிக்கொள்ளவேண்டும்.

உலகம் கற்ற பாடமும் இதுவே. 1977இல் கனடாவின் றெஜைனா நகரில் ஓர் ஆய்வு வீட்டைக் கட்டினர். அதில் விலையுயர்ந்த சூரிய வெப்பக் கருவியும் இருந்தது, தடித்த காப்பும் காற்றிறுக்கமும் இருந்தன. கருவியைப் பின்னர் கழற்றிவிட்டனர். காப்பும் இறுக்கமும் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. கண்ணுக்குத் தெரியாத வேலையே கடைசிவரை நின்றது.

வீட்டுப் பாடம்

1. கடந்த 12 மாதக் கன மீற்றரை எழுதிக் கூட்டுக. ஆடி, ஆவணிப் பாவனையிலிருந்து சூடாக்கும் பங்கைக் கண்டுபிடிக்க.

2. நிலையான கட்டணத்தைக் கழித்து, ஒரு கன மீற்றரின் உண்மை விலையைக் காண்க.

3. ஓர் அளவுகோலுடன் அற்றிக் மூடியைத் திறந்து காப்பின் தடிப்பை அளக்க. வேர்மிகுலைற் போலத் தெரிந்தால் உடனே மூடிவிடுக.

4. ஒரே வேலைக்கு மூன்று விலைகோரல் எடுக்க. மூன்றிலும் பரப்பு, ஆர் அளவு, வரி, அனுமதி, குப்பை அகற்றல் ஆகியன ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கவேண்டும். இல்லையேல் அவற்றை ஒப்பிட முடியாது.

5. "எப்படியும் செய்யவேண்டியது", "சேமிப்புக்காகக் கூடுதல்" என்று இரு பத்தி போட்டு எழுதுக.

இக்கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டு செய்விப்பது மிகவும் நன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கடினமன்று. வீட்டுச் செலவு எங்கே போகிறது என்பதும் அவர்களுக்கு விளங்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் முன்னோர். அற்றிக்கில் போட்டாலும் அப்படியே.